மயோசின் எங்கே நிற்கிறது? கருவளர்ச்சியைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழ ஈயின் கரு அரை மில்லிமீட்டர் நீளம்தான். கருவுற்ற மூன்று மணி நேரத்தில் அதன் மேற்பரப்பில் சுமார் 6,000 செல்கள் ஒரே அடுக்காக நிற்கின்றன. அடுத்த கால் மணி நேரத்துக்குள் வயிற்றுப் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. பின்னாளில் தசையாகப் போகும் செல்கள் அதன் வழியே உள்ளே போய்விடுகின்றன. இந்த ஒரு மடிப்பைப் புரிந்துகொள்வதில்தான் எத்தனை தவறுகள்!

செல்கள் பெருகுவதால்தான் திசு வளைகிறது என்று நினைப்பது முதல் தவறு. மடியும் நேரத்தில் அந்தச் செல்கள் பிரிவதே இல்லை. ட்ரிபில்ஸ் என்ற புரதம் பிரிதலைத் தடுத்து நிறுத்துகிறது. அது இல்லாத கருவில் செல்கள் அவசரப்பட்டுப் பிரிகின்றன, பள்ளம் சரியாக விழுவதில்லை.

அடுத்தது, சுருக்குப்பை உவமை. தசையைச் சுருக்கும் அதே புரதங்களான ஆக்டினும் மயோசினும் செல்லின் வெளிமுகத்தைச் சுற்றி நாடாபோல ஓடி இறுக்குகின்றன என்று நானும் வகுப்பில் பல வருடம் சொல்லி வந்தேன். இந்தப் பள்ளத்துக்கு அது பொருந்தாது. 2009இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களான ஆடம் மார்ட்டினும் எரிக் வீஷவுஸும் மத்தியாஸ் காஷூபேயும் உயிருள்ள கருவைப் படமெடுத்துப் பார்த்தார்கள். வெளிமுகத்தின் ஓரத்தில் அல்ல, நடுவில் மயோசின் திரள்கிறது, இழுக்கிறது, கலைகிறது, மறுபடி திரள்கிறது. கிணற்றில் வாளி இழுப்பதை நினைத்துப்பாருங்கள். ஒரு கை இழுக்கும், மறு கை கயிறு நழுவாமல் பிடித்துக்கொள்ளும். இழுப்பு தொடங்குவதற்கு ஸ்னெய்ல் மரபணு வேண்டும்; சுருங்கியது திரும்பத் தளராமல் நிற்பதற்கு ட்விஸ்ட் வேண்டும்.

அதற்காக ஸ்னெய்லும் ட்விஸ்டும் திசுவை மடிக்கின்றன என்று எழுதிவிடாதீர்கள். அவை உருவாக்கும் புரதங்கள் உட்கருவில் இருந்துகொண்டு மற்ற மரபணுக்களைக் கட்டுப்படுத்துபவை. கை வைத்து இழுப்பது மயோசின்தான்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, புரதத்தின் அளவை மட்டும் கணக்கெடுப்பது. பள்ளம் விழுந்ததும் கருவின் உடற்பட்டை, அதாவது பின்னாளில் உடலாகப் போகும் செல்பட்டை, அகலம் குறைந்து சுமார் இரண்டரை மடங்கு நீள்கிறது. பிரான்சின் மார்செய் நகரில் தோமா லெக்யூயியின் ஆய்வுக் குழு 2004இல் இதன் காரணத்தைக் காட்டியது. தலை-வால் திசையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரு செல்களுக்கு இடையிலுள்ள சுவரில்தான் (இரண்டும் ஒட்டியிருக்கும் எல்லையில்தான்) மயோசின் கூடுதலாகச் சேர்கிறது. அந்தச் சுவர் குறுகிக் குறுகிப் புள்ளியாகிறது. நான்கு செல்கள் அங்கே முட்டி நிற்கின்றன. பிறகு மேலேயும் கீழேயும் இருந்த செல்கள் ஒட்டிக்கொள்ள, பழைய அண்டைச் செல்கள் விலகிப் போகின்றன. அதே அளவு மயோசின் எல்லாச் சுவரிலும் சமமாகப் பரவியிருந்தால் பட்டைக்கு எந்தத் திசையில் நீள்வது என்றே தெரியாது.

வேதிப்பொருளில் பதப்படுத்திய கருவின் ஒற்றைப் படத்தில் இது எதுவும் தெரியாது. நகரும் படம் கிடைத்தால் ஒரே ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து, அது மறையும்வரை கண்ணெடுக்காமல் பாருங்கள்.