பையா, டில்லா? தமிழில் சொல்லிப் பாருங்கள்

ஆங்கிலத்தில் 'பை' (by) வருமா, 'டில்' (till) வருமா என்று தயக்கமா? அதையே தமிழில் சொல்லிப் பாருங்கள். 'வெள்ளிக்குள்' என்று வந்தால் பை, 'வெள்ளி வரை' என்று வந்தால் டில்.

தொடர்ந்து நடப்பதற்கு டில். கெடுவுக்குள் ஒருமுறை நடந்தால் போதும் என்பதற்கு பை. வேலூர் காந்தி ரோடு லாட்ஜில் 'ஐ நீட் தி ரூம் டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளி வரை தங்குவீர்கள். 'பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்குள் ரூம் கிடைத்தால் சரி என்று ஆகிவிடும். வாடகை விஷயம், கவனமாகச் சொல்லுங்கள்.

நாள் கணக்குக்கு இது உதவாது: 'மூன்று நாளைக்குள்' என்றால் வித்இன் (within). அப்புறம், ஊர்ப் பெயருக்கும் ஒத்துவராது. 'காட்பாடி வரை' போவதற்கு 'ஆஸ் ஃபார் ஆஸ் (as far as) காட்பாடி'.