ரிசீவருக்கு இரண்டு பேட்டரி: எங்கே கோட்டை விடுகிறோம்?

பெரிய பெட்ரோல் எஞ்சின் மாடல் விமானங்களில், கையிலுள்ள ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு இரண்டு பேட்டரி வைப்பது வழக்கம். ஒன்று கைவிட்டால் மற்றொன்றை நம்பித் தரையிறக்கலாம். ஆனால், ஒன்று செத்ததே பல நேரம் வெளியில் தெரியாது. சர்வோக்கள் (விமானத்தின் மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்கள்) எப்போதும்போல் ஓடும். விமானத்திலிருந்து ரிமோட்டுக்கு அளவுகளை அனுப்பும் டெலிமெட்ரியும் நல்ல வோல்டேஜையே காட்டும், ஏனென்றால் சாதாரண ரிசீவர் அளப்பது இரண்டும் கலக்கும் இடத்தை. ஒற்றை பேட்டரியில் பறந்துகொண்டே இரண்டு இருப்பதாக நம்பியிருப்போம்.

எனவே இரண்டையும் சேர்த்தே ஆன் செய்து சோதிப்பதுதான் முதல் தவறு. பறக்கும் முன் முதல் சுவிட்சை மட்டும் போடுங்கள். எல்லா சர்வோக்களையும் ஒரே நேரத்தில் சில விநாடிகள் ஆட்டி வோல்டேஜைப் பாருங்கள். அதை அணைத்துவிட்டு இரண்டாவதை இதேபோல் சோதியுங்கள். அப்புறம்தான் இரண்டும். அன்றைய பறத்தல் முடிந்ததும் தனித்தனியாகச் சார்ஜ் செய்து, எதில் எத்தனை எம்.ஏ.எச் (மில்லி ஆம்பியர் மணி, சார்ஜின் அளவு) ஏறியது என்று எழுதி வையுங்கள். சிறு வித்தியாசம் இயல்பு. ஒன்றில் 600, மற்றொன்றில் 150 என்றால் குறைவாக ஏறியதுதான் நோயாளி, பறக்கும்போது அது தன் பங்குக் கரண்டைக் கொடுக்கவில்லை: சுவிட்சோ கனெக்டரோ தேய்ந்திருக்கும், அல்லது பேட்டரி பேக்கின் உள்தடை (கரண்ட் வெளிவருவதற்கு உள்ளே இருக்கும் தடை) கூடியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் மறுபடி பறக்கவே கூடாது.

அடுத்தது ஒய் கேபிள். இரண்டு பேட்டரியையும் அதில் இணைத்து ரிசீவரின் ஒரே துளையில் செருகினால், அந்த ஒரு பிளக் கழன்றாலே எல்லாம் போச்சு. ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிட்சு, தனித் துளை வேண்டும். சாதாரண ரிசீவர்களில் எல்லாத் துளைகளின் பிளஸ், மைனஸ் முனைகளும் உள்ளே ஒன்றாகவே இணைந்திருப்பதால், காலியாக உள்ள எந்தச் சேனலிலும் செருகலாம்.

வகை கலக்காதீர்கள். முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் இருக்கும் இரண்டு செல் லிப்போவோடு (லித்தியம் பாலிமர்), அதேபோல் இரண்டு செல் உள்ள 6.6 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேக்கை நேரடியாக இணைத்தால், லிப்போவிலிருந்து கரண்ட் மற்றதற்குள் பாயும். ஒரே வகை, ஒரே கொள்ளளவு, ஒரே வயது என்று வாங்குங்கள். நிக்கல் பேக்கில் ஒரு செல் ஷார்ட் ஆனாலும் இதே கதைதான்: நல்ல பேக் கெட்டதற்குள் வடியும். கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஷாட்கி டையோடு இதைத் தடுக்கும், ஆனால் 0.3 முதல் 0.5 வோல்ட் வரை விழுங்கும். 4.8 வோல்ட் அமைப்பில் அது பெரிய இழப்பு.

2,000 எம்.ஏ.எச் தேவைப்படும் இடத்தில் இரண்டு 1,000 வைப்பது சிக்கனமல்ல. ஒவ்வொரு பேக்கும் தனியாகவே முழு லோடையும் தாங்க வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் மல்டிமீட்டரை நம்பி மீதியைக் கணக்கிடவும் முடியாது. கிட்டத்தட்டக் கடைசிவரை 6.6-ஐ ஒட்டியே காட்டிவிட்டுச் சட்டென்று சரியும். ஆகவே செலவான எம்.ஏ.எச்சைக் கணக்கிட்டு, பாதி தீர்ந்ததும் சார்ஜில் போடுங்கள். சார்ஜரை லிப்போ மோடில் விடவே கூடாது: இந்தச் செல்லுக்கு உச்சம் 3.6 வோல்ட், லிப்போ மோடு 4.2 வரை ஏற்றும்.

ஒரு சர்வோ வயர் உரசி ஷார்ட் ஆனால் இரண்டு பேட்டரியும் சேர்ந்தே கீழே இழுக்கப்படும். அதற்கு இந்த ஏற்பாடு மருந்தல்ல. இறக்கையின் விலாக்கட்டைத் துளைகள் வழியே வயர் போகும் இடங்களில் ரப்பர் வளையம் போடுங்கள். எஞ்சின் இக்னிஷனுக்கு இந்த இரண்டிலிருந்தும் கரண்ட் எடுக்காமல் தனி பேட்டரி வையுங்கள்.