“இதுல என்ன கண்ணு வருது?”: வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் ஊரில் ஒட்டிக்கொள்ள ஒரு செய்முறை

கொங்கு நாட்டில் கலைக்கு மதிப்பே இல்லை என்று புலம்புகிறவர்கள், ஏதாவது ஒரு ஊரில் ராத்திரி நடக்கும் வள்ளிக்கும்மி ஆட்டப் பயிற்சியைப் போய்ப் பார்க்க வேண்டும். பகலெல்லாம் தறி ஓட்டியவர், பால் கறந்து ஊற்றியவர், மளிகைக்கடை வைத்திருப்பவர், பேரன் எடுத்தவர் எல்லாரும் அடவு தப்பித் தப்பிப் பழகுவார்கள். “இதுல என்ன வருது?” என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. கோவைப் பக்கத்துக் கும்மி ஆசான் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீயே கொடுத்தார்கள்.

அதே ஆட்கள்தான், நாற்பது வயதில் தனியாக உட்கார்ந்து கதை எழுதுகிறவரை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். கும்மிக்கு ஆசான் உண்டு, கூட்டம் உண்டு, இத்தனை மணிக்கு என்று நேரம் உண்டு, இன்ன தேதியில் அரங்கேற்றம் என்று கெடு உண்டு. தனியாக எழுதுகிறவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. ஷிப்மென்ட் தேதி இல்லாத வேலையை வேலை என்று எண்ணவே இந்த ஊருக்குத் தெரியாது. ஆகவே ஊரைத் திருத்தக் கிளம்ப வேண்டாம். கும்மிக்கு இருப்பதையெல்லாம் உங்கள் வேலைக்கும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். வெளியாள் என்கிற உணர்ச்சியில் பாதி அதிலேயே கழன்றுவிடும்.

எங்கே குத்துகிறது?

பாக்கெட்டில் அடங்கும் ஒரு நோட்டை 14 நாள் வைத்திருங்கள். “நான் இந்தக் கூட்டத்து ஆள் இல்லை” என்று தோன்றும்போதெல்லாம் ஒரு வரி எழுதுங்கள்: எங்கே, யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், அன்றைக்கு நீங்கள் எழுதினீர்களா இல்லையா. கடைசிக் கேள்வியை விட்டுவிடக் கூடாது.

14 நாள் கழித்துப் புரட்டினால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று தெரியும். எழுதாத நாளில் மட்டும் குத்துகிறது என்றால் உங்களுக்கு ஆள் பஞ்சமில்லை, நேரப் பஞ்சம். எழுதிய நாளிலும் குத்துகிறது, காட்ட ஆளில்லை என்றால் கூட்டம் தேவை. காதுகுத்து, சீர் என்று ஒறம்பரை (சொந்தபந்தம்) கூடும் இடத்தில் மட்டும் குத்தினால் அது பதில் தெரியாத கூச்சம். நாலு வாக்கியம் தயார் செய்தால் தீரும். இதைப் பிரித்துப் பார்க்காதவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக ஐந்து வாட்ஸாப் குழுவில் சேர்கிறார்கள். காலை வணக்கம் 40 வரும். எழுத்து ஒரு வரி நகராது.

நோட்டில் வேறு ஒன்று தெரிந்தால் கவனியுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கம் சரியில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, பிடித்த வேலையும் சப்பென்று இருக்கிறது, செத்துவிடலாம் என்கிற நினைப்பு வருகிறது என்றால் அதைக் கலைஞனின் தனிமை என்று பேர் வைத்துப் பூட்டிவைக்காதீர்கள். டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

நேரம்

காலை 8.30க்குப் போய் ஒன்றரை ஷிஃப்ட் முடித்து ராத்திரி 8.30க்குத் திரும்புகிறவரிடம் “தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்” என்பது கிண்டல். வாரம் நாலு நாள், நாளுக்கு 40 நிமிடம் போதும். காலை 5.10 முதல் 5.50 வரை என்றால் 5.10தான், “விடியக்காலம்” என்று வைத்தால் வழுக்கிப் போகும். ஏழு நாளும் என்று கணக்குப் போட்டவர்கள் மூன்றாம் வாரம் ஒருநாள் தவறிய கோபத்திலேயே விட்டுவிடுகிறார்கள். நாலு நாள் என்றால் மூன்று நாள் கையிருப்பு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையை நம்ப வேண்டாம். கல்யாணம், தெரட்டி, கெடாவெட்டு, புண்ணியார்ச்சனை என்று அது ஊருக்குச் சொந்தம். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணப் பத்திரிகை வராது. அந்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்து எட்டு ஒன்பது ஞாயிறு தேறும். நீளமாக உட்கார வேண்டிய வேலையை, முதல் பிரதி முழுக்கத் திருத்துவது, பெரிய ஓவியம் போன்றவற்றை, அங்கே தள்ளுங்கள். வைகாசியிலும் ஆவணியிலும் குறிப்பு எடுத்தால் போதும். மொய் எழுதும் வரிசையில் நிற்கும்போது கேட்கிற நாயம் (ஊர்ப்பேச்சு) எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை தனியாக. ஐந்து மணிக்கு எழுகிறவரை “நாலுக்கு எழுந்து எழுது” என்று சொல்லும் ஆலோசனையைக் காதில் வாங்காதீர்கள். உறக்கத்தை விற்று வாங்கும் நேரம் மூன்று மாதத்துக்கு மேல் ஓடாது. அந்த 40 நிமிடம் அடுப்படியை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். யார், எந்த நாலு நாள் என்று வீட்டுக் காலண்டரில் எழுதிவிடுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் முதல் ஒறம்பரை வருகையோடு போய்விடும்.

இடமும் பொருளும்

அறை வேண்டாம், ஒரு மூலை போதும். ஆனால் எடுத்து வைக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. அட்டாலியில் (பரணில்) ஏற்றிய பெட்டி இறங்கவே இறங்காது. எழுதுகிறவருக்கு 500 தாள் கொண்ட ஒரு கட்டு ஏ4, இரண்டு பேனா, ஒரு பரீட்சை அட்டை. மாதச் செலவை ₹500க்குள் நிறுத்தி, அதற்கென்று சிறு கணக்கு எழுதுங்கள். பின்னால் வீட்டில் பேசும்போது அந்தக் கணக்கு உங்களுக்கு வக்கீல்.

வரைகிறவருக்குத் திருப்பூர் வட்டாரம் ஒரு புதையல். பெரிய கம்பெனிகளின் கட்டிங் டேபிளில் துணி அடுக்குக்கு மேல் விரிக்கும், வெட்ட வேண்டிய வடிவங்கள் அச்சான மார்க்கர் பேப்பர், வேலை முடிந்ததும் குப்பைக்குப் போகிறது. முன்பக்கம், முதுகு, கை என்று வெட்டுப்பட்டே கிடைக்கும். அந்த வடிவத்துக்குள்ளேயே வரைந்து பாருங்கள். செவ்வகத் தாளில் வராத கோடுகள் வரும். தாள் மெல்லியது, ஆகவே பென்சில், கரி, பால்பாயிண்ட் மட்டும். வாட்டர்கலர் பட்டால் சுருங்கிக் கிழியும். கட்டிங் மாஸ்டரிடம் கேட்டு வாங்குங்கள், ஸ்டைல் எண் அச்சான பகுதியைப் படம் எடுத்து வெளியே போடாதீர்கள். ஆர்டர் கொடுத்த பையர் கண்ணில் பட்டால் வேலைக்கே உலை.

பெயிண்ட் அடிக்கப் பலகை வேண்டுமென்றால் 5 பிளை (ஐந்து அடுக்கு) அட்டைப்பெட்டியின் மூடி. 12க்கு 16 அங்குலமாக வெட்டி, ஒரு பங்கு ஃபெவிக்காலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து இரண்டு பக்கமும் தடவிக் காயவிடுங்கள். பிறகு முன்பக்கம் வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட், ஒன்று நெடுக்காக, ஒன்று குறுக்காக. பின்பக்கமும் ஒரு கோட். ராத்திரி முழுக்கச் சமமான பாரத்துக்கு அடியில் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அந்தப் பக்கம் காய்ந்து இழுத்து, அட்டை அப்பளமாக வளைந்துவிடும். பெட்டி அட்டையில் அமிலம் உண்டு, வருடங்கள் போனால் பழுப்பேறும். பழகுவதற்கு இது போதும், விற்பதற்கு ஆகாது.

தறிக்குடியில் இருந்துகொண்டு பாடவோ கதை சொல்லிப் பதிவு செய்யவோ விரும்புகிறவர்களுக்கு ஒரே இடம் பீஸ் அடுக்கிய கிடங்கு. துணி எதிரொலியைக் குடித்துவிடும். ஆனால் ஓடுகிற தறியின் இரைச்சலை அது தடுக்காது. தறி நின்ற நேரமாகப் பார்த்துப் போக வேண்டும்.

ஒறம்பரைக்குப் பதில்

“சும்மா எழுதறேனுங்க” என்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. சும்மா என்று நீங்களே சொன்ன வேலையை நடுவில் நிறுத்தி “வா, கடைக்குப் போயிட்டு வரலாம்” என்று கூப்பிட யாருக்கும் தயக்கம் இருக்காது. எண்ணிக்கையும் தேதியும் சொல்லுங்கள்.

“என்ன கண்ணு, இன்னும் அந்த எழுதறதெல்லாம் ஓடுதா?”

“ஓடுதுங்க மாமா. தை நோம்பிக்குள்ள எட்டுக் கதை முடிக்கோணும். அஞ்சு முடிஞ்சிருச்சுங்க.”

“அதுல என்ன வருது?”

“காசு வராதுங்க. மாசம் ஐந்நூறு ரூவாய்க்குள்ள செலவு, அவ்வளவுதானுங்க.”

பெரும்பாலும் பேச்சு இங்கே முடிந்து, மழைக்கோ நிலத்தின் சென்ட் விலைக்கோ போய்விடும். விளக்கம் நீண்டால்தான் வம்பு. இலக்கியத்தின் பெருமையைப் பந்தியில் பேசத் தொடங்கினால் தோற்பது உறுதி.

காசு வராது என்பது அடக்கத்துக்காகச் சொல்கிற பொய்யும் இல்லை. சிற்றிதழ்களில் பெரும்பாலும் ஒரு பிரதிதான் கூலி. அதனால் வேலையை விடுவதாக இருந்தால் எழுத்தைக் காரணமாக வைக்காதீர்கள். 1971இல் கோவையில் வானம்பாடி கவிதை இதழ் தொடங்கியபோது அதைச் சுற்றி இருந்தவர்களில் பலர் பாடம் நடத்திச் சம்பளம் வாங்கிய வாத்தியார்கள்தான். புத்தகம் போட வேண்டுமென்று சீட்டு எடுக்கவும் வேண்டாம். பணம் கேட்கும் பதிப்பகம் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணுக்குத் தனிக் கட்டணம் போட்டால் ஏன் என்று கேளுங்கள். இந்தியாவில் அது இலவசம். பதிப்புரிமையும் எழுதிய கணமே உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. எத்தனை பிரதி, உரிமை யாருக்கு, விற்காத பிரதி யார் கையில் என்ற மூன்றும் தாளில் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

கூட்டம் சேர்ப்பது

ஐந்து பேர் போதும், ஆறு தாண்டினால் மேடை முளைக்கும், மேடை வந்தால் பொன்னாடை வரும். ஆள் பிடிக்க நல்ல இடம் புத்தகத் திருவிழா: கோவையில் கொடிசியா வளாகத்தில் ஜூலை வாக்கில், ஈரோட்டில் ஆகஸ்டில். சாயங்காலம் போனால் பேச்சாளர் கூட்டத்தில் நசுங்குவீர்கள். வார நாளில் மதியம் மூன்று மணிக்குப் போய்ச் சிற்றிதழ் ஸ்டாலில் பொறுமையாக நில்லுங்கள். அந்நேரத்தில் அங்கே தனியாக நிற்கும் இன்னொருவரும் உங்களைப் போல லீவு போட்டு வந்தவர்தான். “நீங்க எழுதுவீங்களா?” என்று கேட்டால் கூச்சப்பட்டு இல்லை என்பார். “இதுல எதை வாங்கலாமுங்க?” என்று கேளுங்கள், பத்து நிமிடம் பேசுவார். நம்பர் வாங்கிய ஒரு வாரத்துக்குள் கூப்பிடவில்லை என்றால் அப்புறம் கூப்பிடவே மாட்டீர்கள்.

மாதம் ஒருமுறை, இரண்டாம் ஞாயிறு 10.30 முதல் 12.30 வரை. இடம் நூலகமோ பூங்காவோ. யாருடைய வீட்டிலும் வைக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டு வாசலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி திறப்பதில்லை. திண்ணையோடு நிற்க வைக்கப்பட்ட அனுபவம் உள்ளவர் உங்கள் கூட்டத்தில் ஒருவராவது இருப்பார். அவர் வராமல் போனால் காரணம் சொல்ல மாட்டார். டீக்கடையும் ஆகாது, நல்ல வரி வரும்போதுதான் வடை வரும்.

ஒருவருக்கு 20 நிமிடம். எட்டு நிமிடம் வாசிப்பு, இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அடுத்த பத்து நிமிடம் மற்றவர்கள் பேச வேண்டும், எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. ஒவ்வொருவரும் முதலில் மனதில் நின்ற ஒரு வரியைச் சொல்ல வேண்டும், பிறகு எந்த இடத்தில் கவனம் நழுவியது என்று. “நல்லாருக்குது”, “நல்லால்ல” இரண்டுக்கும் தடை. கடைசி இரண்டு நிமிடம் எழுதியவருக்கு. ஐந்து பேருக்கு 100 நிமிடம். மீதி 20 டீக்கு. எழுதியவர் நடுவில் விளக்கத் தொடங்கிவிடுவதுதான் எல்லாக் கூட்டத்திலும் நடக்கிற கோளாறு. விளக்கம் தேவைப்படுகிற இடத்தில்தான் எழுத்து ஓட்டை, அதைக் கண்டுபிடிக்கத்தான் கூடியிருக்கிறீர்கள். கைபேசியில் மணி வைத்து ஒருவர் காவல் இருக்கட்டும், அந்த வேலை மாதம் ஒருவராக மாறட்டும்; நிரந்தரத் தலைவர் வேண்டாம்.

நடுநடுவே ஆள் வராத மாதம் வரும், முகூர்த்த மாதமாக இருந்தால் கட்டாயம் வரும். அன்றைக்கும் 12.30 வரை உட்காருங்கள். உங்கள் இரண்டு பக்கத்தை உதடசைத்து வாசித்து, நாக்கு தடுக்கிய இடத்தில் கோடு போடுங்கள். கிளம்பும் முன் அடுத்த இரண்டாம் ஞாயிற்றின் தேதியை மற்ற நாலு பேருக்கும் அனுப்பிவிடுங்கள், ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்காமல்.