சீதேவி செங்கழுநீர் விதை: இழுத்துப் பார்த்து எடுங்கள்

சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு மூலிகைச் செடியான சீதேவி செங்கழுநீருக்கு விதை வேண்டுமென்றால், ஊதா நிறம் போய் வெள்ளைப் பஞ்சாக விரிந்த பூவை மட்டும் லேசாக இழுத்துப் பாருங்கள். பஞ்சு தானாகக் கழன்று வந்தால் விதை முற்றிவிட்டது. பிய்க்க வேண்டியிருந்தால் செடியிலேயே விட்டுவிடுங்கள். பனி காய்ந்த பிறகு, காற்று கிளம்புமுன் காகித உறையில் சேகரிப்பது நல்லது.

பஞ்சின் அடியில், 2 மில்லிமீட்டர் அளவில் ஒட்டியிருக்கும் பழுப்புத் துணுக்குதான் விதை. முற்றியது நகத்தால் அழுத்தினாலும் கெட்டியாக நிற்கும். வெளிறித் தட்டையாக மடிந்தால் அது பதர், தூவி என்ன பயன்?

விதைத்தபின் மண் போட்டு மூடாதீர்கள். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். ஆழத்தில் போனால் இவ்வளவு சின்ன விதைக்கு மேலே வரத் தெம்பிருக்காது. ஈர மண்ணின்மேல் தூவி உள்ளங்கையால் அழுத்தி, தெளிப்பானால் நீர் விடுங்கள். குவளையால் ஊற்றினால் மொத்த விதையும் தொட்டியின் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும்.

அதே சூரியகாந்திக் குடும்பம்தான் என்றாலும் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு இது பொருந்தாது. அதன் விதையில் பஞ்சே கிடையாது. தரையில் படர்ந்து கணுவில் வேர்விட்ட தண்டை வெட்டி நட்டாலே போதும், விதைக்காகக் காத்திருப்பது வீண்.