70 மீட்டருக்கு முன் 5 மீட்டர்: ரிகர்வ் வில்லில் பழகத் தொடங்குவது எப்படி?

ஒலிம்பிக் போட்டியில் ரிகர்வ் வில்லுக்கான (இரு முனைகளும் எய்பவருக்கு எதிர்த்திசையில் வளைந்த வில்) இலக்கு 70 மீட்டர் தொலைவில் நிற்கிறது. இலக்குத் தாளின் விட்டம் 122 செ.மீ.; அதன் நடுவே பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 12.2 செ.மீ. மட்டுமே. தரவரிசைச் சுற்றில் ஒருவர் 72 அம்புகளை எய்கிறார் என்பதால், ஒரே அசைவை 72 முறை பிசகாமல் திரும்பச் செய்யும் உடலே இந்த விளையாட்டுக்கு வேண்டும். கீழுள்ள படிகள் வலக்கையால் நாணை இழுப்பவருக்காக எழுதப்பட்டவை. இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

முதலில், உங்களுடைய ஆதிக்கக் கண் எது என்று பாருங்கள். இரு கைகளையும் முன்னே நீட்டி, விரல்களுக்கிடையே சிறு துளை அமைத்து, அதன் வழியே தொலைவில் உள்ள ஒரு பொருளை நோக்குங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் துளைக்குள்ளேயே நிற்கிறதோ அதுவே ஆதிக்கக் கண். அது வலக்கண் என்றால், நாணை வலக்கையால் இழுப்பது நல்லது.

அடுத்தது வில்லின் இழுவிசை. வயது வந்தவர்களுக்குக்கூடத் தொடக்கத்தில் 20 பவுண்டு அளவே போதும். வீறாப்பில் இதைவிடக் கனமான வில்லை எடுத்துத் தோள்பட்டை வலியோடு சில வாரங்களை வீணடித்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். விரல் காப்பும் கைக்காப்பும் முதல் நாளிலிருந்தே வேண்டும். சொந்த வில் பிறகு வாங்கிக்கொள்ளலாம். அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்கே திரும்பி அதை உடைத்துவிடக்கூடும்.

எய்தல் கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு பாதம் இருக்குமாறு, தோள் அகலத்தில் கால்களை வைத்து, இடத் தோள் இலக்கைப் பார்க்கும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். அம்பின் மூன்று இறகுகளில் நிறம் மாறிய ஒன்று வில்லை விட்டு விலகி வெளிப்பக்கம் பார்க்குமாறு நாணில் பூட்டுங்கள். ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலும், நடுவிரலும் மோதிர விரலும் கீழுமாக, நாண் முதல் மூட்டின் மடிப்பில் அமர வேண்டும். அம்பை விரல்களால் நெருக்கிப் பிடித்தால், இழுக்கும்போது அது வில்லில் அம்பைத் தாங்கும் மேடையை விட்டு விலகும். புதியவர்கள் எல்லோருக்கும் இது நேர்கிறது. வில்லைத் தாங்கும் கையோ எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. கட்டைவிரலின் அடிச்சதைமேட்டில் வில்லின் அழுத்தம் விழ, மற்ற விரல்கள் தளர்ந்திருக்கட்டும்.

இனி இழுத்தல். முழங்கையைப் பின்னால் கொண்டுபோவதாக எண்ணி, முதுகுத் தசைகளால் நாணை இழுத்து, கை தாடை எலும்பின் அடியில் பதிந்து, நாண் மோவாயையும் மூக்கு நுனியையும் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வோர் அம்புக்கும் அந்த இடம் மாறவே கூடாது. தேர்ந்த வீரர்களின் வில்லில் கிளிக்கர் என்ற மெல்லிய தகடு அம்பின் மேல் படிந்திருக்கும். அம்பு சரியான அளவுக்கு இழுபட்டதும் அது முனையிலிருந்து நழுவி ‘டிக்’ என்று ஒலிக்க, அந்த ஒலியோடு நாண் விடுபடும். அது இப்போது உங்களுக்குத் தேவையில்லை.

விடுவித்தலைத்தான் கற்றுக்கொள்ள வெகுநாள் ஆகும். விரல்களைத் ‘திறக்க’ முயன்றால் நாண் பக்கவாட்டில் தள்ளப்படும். முதுகின் இழுவை தொடர, விரல்கள் தளர, நாண் தானே நழுவிப் போக வேண்டும். அப்போது கை கழுத்தை உரசியபடி காதுக்குக் கீழே போய் நிற்கும். அம்பு இலக்கில் தைக்கும் ஓசை கேட்கும் வரை வில்லேந்திய கையைத் தாழ்த்தாதீர்கள்.

முதல் சில வாரங்களுக்கு 5 மீட்டரில், வட்டங்கள் இல்லாத வெறும் இலக்குப் பலகையில் எய்யுங்கள். மூன்று அம்புகள் எங்கே தைத்தாலும் அருகருகே தைத்தால் அது முன்னேற்றம். அம்புக் கூட்டம் ஓரமாக விழுந்தால் சைட்டை (வில்லில் பொருத்திய குறிபார்க்கும் கருவி) அம்பு போன திசையிலேயே நகர்த்துங்கள்: இடப்புறம் விழுந்தால் இடப்புறம், மேலே விழுந்தால் மேலே. அம்புகள் சிதறினால் சைட்டில் கை வைக்காதீர்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

போட்டிக் களத்தில் விசில்தான் பேசும். இரண்டு முறை ஒலித்தால் கோட்டுக்கு வர வேண்டும். ஒரு முறை என்றால் எய்யலாம். மூன்று முறை என்றால் புள்ளி குறிக்கப் போகலாம். ஐந்து முறையோ அதற்கு மேலோ ஒலித்தால் எல்லோரும் உடனே நிறுத்த வேண்டும். தனிநபர் நேருக்கு நேர் ஆட்டத்தில் மூன்று அம்புகள் ஒரு செட். வென்றவருக்கு 2 புள்ளி, சமமானால் ஆளுக்கு 1, முதலில் 6 எட்டுபவருக்கு வெற்றி. ஓர் அம்புக்கு 20 விநாடி மட்டுமே. 5-5 என்று நின்றால் ஆளுக்கு ஒரே அம்பு. 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் இறுதியாட்டத்தில் கொரியாவின் கிம் ஊஜின், அமெரிக்காவின் பிராடி எலிசன் இருவருமே அந்தக் கடைசி அம்பில் பத்து எடுத்தனர்; நடுவுக்கு 4.9 மி.மீ. நெருக்கமாக இருந்ததால் கிம்முக்குத் தங்கம் கிடைத்தது.

அம்பு கோட்டைத் தொட்டிருந்தால் கூடுதல் புள்ளியே உங்களுடையது. ஆனால் புள்ளியைக் குறித்து முடிக்கும் முன் அம்பையோ இலக்குத் தாளையோ தொட்டுவிடாதீர்கள்.