நிறத்தைப் படித்து ஏமாறாதீர்கள்: கோசா மணிவேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த இருவர் எழுதிய விளக்க அட்டைகளைச் சென்ற மாதம் திருத்த உட்கார்ந்தபோது, பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய அட்டைகளையே யாரோ தூசி தட்டி எடுத்துவந்து மேசையில் வைத்தது போலிருந்தது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் வாழும் கோசா மக்களின் பாசிமணி வேலைப்பாடுகளைப் பதிவு செய்வதும், பழுதானவற்றை இயன்றவரை மீண்டும் கோத்துவைப்பதும் என் தொழில். வரிசையைத் தவறாக எண்ணுவது, அளவை மாற்றி எழுதுவது போன்ற பிழைகளை இங்கே நான் சொல்லப் போவதில்லை. அவை பழகப் பழகத் தாமே திருந்திவிடும். தாமாகத் திருந்தாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஒரே நிறப் பட்டியலை எல்லா மணிக்கும் பொருத்துவது

இணையத்தில் எங்கு தேடினாலும் கிடைக்கும் பட்டியல் ஒன்று உண்டு. வெள்ளை தூய அன்பைக் குறிக்கும், மேல்நோக்கிய முக்கோணம் மணமாகாத பெண்ணைக் குறிக்கும், கீழ்நோக்கியது மணமாகாத ஆணைக் குறிக்கும் என்று அது நீண்டுகொண்டே போகும். அது சுலு மக்களின் 'காதல் கடித' மணிவேலையைப் பற்றியது. சுற்றுலாக் கடைகளின் வழியே பரவியபோது இன்னும் சுருங்கிப்போனது. சுலுவும் கோசாவும் நெருங்கிய உறவுடைய மொழிகள் என்பதால் மணிகளின் பொருளும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று கருதி, அந்தப் பட்டியலை அப்படியே கோசா வேலைப்பாட்டின்மேல் ஒட்டிவிடுகிறார்கள். சுலு மக்களுக்குள்ளேயே அது முழுமையாகப் பொருந்தாது. சுலு நாட்டின் முசிங்கா பகுதியில் மட்டும் ஏழு நிறங்கள் கொண்டதும் நான்கு நிறங்கள் கொண்டதுமாகத் தனித்தனிப் பெயருடைய நிறத்தொகுதிகள் இருந்தன. பார்ப்பவர் கவனித்தது ஒரு நிறத்தின் பொருளை அன்று, எந்தத் தொகுதியை யார் அணிந்திருக்கிறார் என்பதையே.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். இந்தத் துறைக்கு வந்த இரண்டாம் ஆண்டில், கோசா மணிகளின் நிறங்களுக்குப் பொருள் சொல்லும் சிறு கையேடு ஒன்றை என் சேமிப்பிலிருந்து 500 படிகள் அச்சிட்டேன். எங்கோபோவுக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றில், எனக்கு மணி கோக்கக் கற்றுத்தந்த தெம்பு இன மூதாட்டியிடம் அதைப் பெருமையோடு காட்டினேன். அவருடைய கழுத்துப்பட்டையின் படமும் அதில் இருந்தது. அதன் ஓரத்தில் வரும் பச்சை 'ஏக்கத்தைக்' குறிக்கிறது என்று எழுதியிருந்தேன். பேத்தி படித்து மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அந்த ஆண்டு சாலையோரக் கடையில் கருநீலம் தீர்ந்துவிட்டதாம். திருமணத்துக்கு நாள் நெருங்கிவிட்டதால் மீதி வரிசைகளைப் பச்சையில் முடித்தாராம். "ஏக்கம் இருந்தது உண்மைதான், நீலத்துக்காக" என்றார். எஞ்சிய 470 படிகளைப் பழைய தாள் விலைக்குக்கூட விற்க மனமின்றி எரித்தேன்.

அவர் சொன்னது ஒருவரின் தனிக்கதை அன்று. கண்ணாடி மணி என்பது கோசா நாட்டில் விளையாத பொருள். வணிகர் கொண்டுவந்தால்தான் உண்டு. 1824இல் கெய்ஸ்காமா ஆற்றங்கரையிலிருந்த வில்ஷயர் கோட்டையில் சந்தை தொடங்கியபோது, யானைத் தந்தமும் தோலும் பிசினும் கொடுத்து மணிகளையும் பொத்தான்களையும் வாங்கினார்கள். அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் வந்த கடைகளும் அப்படித்தான். வாங்குகிறவர்களுக்குத் திட்டவட்டமான விருப்பம் இருந்தது. இந்தப் பக்கத்தில் விரும்பிய நிறத்தை ஆற்றுக்கு அப்பால் தொடக்கூட மாட்டார்கள். ஆகவே ஒரு கழுத்துப்பட்டையின் நிறம் முதலில் சொல்வது ஊரையும் காலத்தையும் கடையின் இருப்பையும்தான்.

அன்று என் கையேட்டின் மற்றப் பக்கங்களை அவர் படித்த விதத்தைப் பார்த்த பிறகுதான், படிப்பது என்றால் என்னவென்று விளங்கியது. நிறத்தை அவர் கடைசியாகவே பார்த்தார். ஓரம் எப்படி முடிந்திருக்கிறது, முத்துச்சிப்பிப் பொத்தான்கள் எத்தனை, எங்கே தைக்கப்பட்டிருக்கின்றன, பட்டை எவ்வளவு அகலம் என்பனவற்றை விரலால் தொட்டுக்கொண்டே, இது எங்கள் பக்கத்து வேலை, இது அன்று, இது புதிதாக மணமானவள் அணிந்தது, இது இளைஞனுக்குக் காதலி கோத்துக் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டே போனார். தெம்பு, போண்டோ, போம்வானா, ஃபெங்கு என்று பல மக்கள் கோசா மொழி பேசுகிறார்கள். அவர்களுக்குள் கன்னி, மணப்பெண், தாய், மூதாட்டி என்ற ஒவ்வொரு நிலைக்கும் அணியும் தலைத்துணியும் மாறும். இவற்றை விட்டுவிட்டுச் 'சிவப்பு என்றால் கோபம்' என்று எழுதுவது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. என் கையெழுத்திலேயே ஒருமுறை எழுதியிருப்பதால் எரிச்சல் சற்றுக் கூடுதல்.

நிறத்துக்குப் பொருளே கிடையாது என்று மறுகரைக்கு ஓடவும் வேண்டாம். வெள்ளைக்கு உண்டு. அது முன்னோர்களோடும் தூய்மையோடும் இணைந்த நிறம்; முன்னோர் அழைப்பை ஏற்றுக் குறிசொல்லும் மருத்துவரான இகிர்ஹா வெண்மணிகளை அணிவது அதனால்தான்.

அந்த வெண்மணிகளை அழகுக்காக அணிவது

வேண்டாம்.

பழைய மணிகளைக் கழுவுவது

பல சரங்களைச் சேர்த்துக் கட்டிய நீண்ட கழுத்தணியை இசிடாங்கா என்பார்கள். என்னிடம் முதன்முதலாக வந்த இசிடாங்கா அழுக்காக இருப்பதாக நினைத்து, வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்தேன். நீர் செங்கல் நிறமானது. பருத்தி நூல் உப்பி இரண்டு சரங்கள் அறுந்தன. நான் அழுக்கென்று நினைத்தது இம்போலா, அதாவது கொழுப்போடு குழைத்து உடலிலும் போர்வையிலும் பூசிக்கொள்ளும் செம்மண். கிறித்தவ மறைப்பணியாளர்கள் மதம் மாறியவர்களைச் செம்மண்ணையும் மணிகளையும் கைவிடச் சொன்னார்கள். கைவிடாதவர்கள் 'பூசிக்கொள்பவர்கள்' என்ற பொருளில் அமகாபா எனப்பட்டார்கள். அந்தச் சொல்லே பின்னர் வசையாகவும் ஆனது. அந்த அணியை அணிந்தவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கான ஒரே சான்றை நான் வாளியில் கரைத்துச் சாக்கடையில் ஊற்றியிருந்தேன். இப்போது மென்மையான தூரிகையைத் தவிர வேறெதையும் அவற்றின் அருகே கொண்டுபோவதில்லை.

மணிகள் பெண்களின் அணி என்று எழுதுவது

கோத்தவர்கள் பெண்கள், அணிந்தவர்கள் இருபாலாரும். பழைய ஒளிப்படங்களில் கழுத்திலும் மார்பிலும் கணுக்காலிலும் மணிகளோடு நிற்கும் இளைஞர்களைப் பாருங்கள். அருகில் நிற்கும் பெண்களைவிடக் கூடுதலாகவே அணிந்திருப்பார்கள். அவ்வளவும் அவர்கள்மேல் அன்பு வைத்த பெண்களின் உழைப்பு. அதை எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் அணிந்தார்கள்.

எல்லாவற்றையும் அரிக்கமேட்டில் கொண்டுபோய் முடிப்பது

மணிகள் செய்து கடல்கடந்து அனுப்பிய நம் பழைய துறைமுகம் அரிக்கமேடு. தமிழ் படிக்கத் தெரிந்த எவருக்கும் வரும் ஆசை இது, எனக்கும் வந்தது. இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் வந்த கண்ணாடி மணிகள், 13ஆம் நூற்றாண்டில் செழித்த மாபுங்குப்வே என்ற பழைய நகரில் அகழாய்வில் கிடைத்தது உண்மை. ஆனால் அது கோசா நாட்டிலிருந்து ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் வடக்கே, லிம்போபோ ஆற்றோரம் இருக்கிறது. 19, 20ஆம் நூற்றாண்டுக் கோசா கழுத்துப்பட்டைகளின் பொடிமணிகள் வெனிசிலும் பொகீமியாவிலும் செய்யப்பட்டவை. கண்ணாடிக்கு முன்னும் இங்கே மணி இருந்தது. இரும்பைக் குறிக்கும் இன்ட்சிம்பி என்ற சொல்லே மணியையும் குறிக்கிறது. இந்தியத் தொடர்பு வேண்டுமென்றால் கடற்கரைக்குப் போகலாம். கொச்சியிலிருந்து லிஸ்பனுக்குப் புறப்பட்ட போர்த்துகீசியக் கப்பல்களான சாவோ ஜோவாவோ 1552இலும் சாவோ பெந்தோ 1554இலும் இந்தக் கரையில் உடைந்தன. அத்தகைய கப்பல்களிலிருந்து சிதறிய சூதுபவள மணிகளை அலை நீண்டகாலம் கரையில் ஒதுக்கிக்கொண்டிருந்தது.

மண்டேலாவின் மணிப்பட்டைப் படத்தை நீதிமன்றப் படம் என்பது

அது நீதிமன்றத்தில் எடுத்த படம் அன்று. எலி வைன்பர்க் என்ற ஒளிப்படக் கலைஞர் அந்தப் படத்தை எடுத்தது 1961இல், மண்டேலா காவல்துறைக்கு மறைந்து வாழ்ந்தபோது. மணிப்பட்டைக்குக் கீழே உடுத்தியிருப்பது ஒரு படுக்கை விரிப்பு. பிரிட்டோரியா நீதிமன்றத்துக்குச் சிறுத்தைத் தோல் போர்த்தி வந்தது 1962 அக்டோபரில். அந்த நாளில் அவருடைய மனைவி வின்னி மணிகள் கோத்த தலையணியோடு வந்திருந்தார்.

'அழிந்துவரும் கலை' என்று முடிப்பது

திருமண வீட்டுக்கு ஒருமுறை போய்விட்டு வந்து எழுதுங்கள்.

கோத்தவரின் பெயரைக் கேளாமல் விடுவது

பழைய சேகரிப்புகளின் பதிவேடுகளில் சேகரித்தவர் பெயர் இருக்கும், விலை இருக்கும், கோத்தவர் பெயர் இருக்காது. அதைப் பற்றி நானும் கடுமையாகப் பேசியிருக்கிறேன். எங்கோபோ மூதாட்டியை நான் எப்போதும் மகுலு என்றே அழைத்தேன். பாட்டி என்று பொருள். ஊரார் மரியாதை கருதி அவரைக் குலப்பெயரால் அழைத்தார்கள்; அந்தக் குலப்பெயர் ஆயிரக்கணக்கானவர்களுக்கு உண்டு. இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய கழுத்துப்பட்டைக்கு முறையான அட்டை எழுத உட்கார்ந்தபோதுதான் அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. கிளம்பிப் போனேன், வீடு பூட்டிக் கிடந்தது, பேத்தி ஜோகன்னஸ்பர்க் போய்விட்டதாகச் சொன்னார்கள், மூதாட்டியை அந்தக் குளிர்காலத்தில் அடக்கம் செய்திருந்தார்கள். பக்கத்து வீட்டிலும் குலப்பெயரைத்தான் சொன்னார்கள். அட்டையில் ஊர், ஆண்டு, அகலம், பொத்தான்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்கின்றன. பச்சைக்கு எதிரே 'கடையில் கருநீலம் தீர்ந்தது' என்று எழுதியிருக்கிறேன். பெயருக்கான கட்டம் வெறுமையாக இருக்கிறது.