பாரடைஸ் பூவெளிக்கு ஒரு நாள் மலைநடை: முதல்முறை போகிறவர்களுக்கு

சியாட்டில் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களில் பலர், வானம் தெளிந்த நாட்களில் ரெய்னியர் மலையை நெடுஞ்சாலையிலிருந்தே பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த மலையின் தெற்குச் சரிவில், 5,400 அடி உயரத்தில், பாரடைஸ் என்றொரு இடம் இருக்கிறது. கோடையில் சில வாரங்கள் அங்கே சரிவு முழுக்கப் பூதான். மலையேறிப் பழக்கமே இல்லாதவர்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து போகலாம். அதனால்தான் முதல் நடைக்கு இந்த இடத்தைத் தைரியமாகச் சொல்கிறேன். பூவையும் பார்க்க வேண்டும், கூட வந்தவர்கள் முகம் சுளிக்காமல் வீடு திரும்பவும் வேண்டும் என்றால், கிளம்புவதற்கு முன்பே சில வேலைகள் இருக்கின்றன.

முதலில் தேதி

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது பனி. பாரடைஸில் ஆண்டுக்குச் சராசரியாக 600 அங்குலத்துக்கு மேல் பனி விழுகிறது. 1971–72 குளிர்காலத்தில் மட்டும் 1,122 அங்குலம் விழுந்தது, கிட்டத்தட்ட 93 அடி. அத்தனையும் கரைந்த பிறகுதான் செடி தலை காட்டும். ஜூன் மாதம் பள்ளி விடுமுறை விட்டதும் ஆசையாகப் போகிறவர்களுக்கு வெள்ளைச் சரிவுதான் கிடைக்கும்.

பொதுவாக ஜூலை கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை பூ உச்சத்தில் இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு ஓரிரு வாரம் முன்பின் ஆகலாம் என்பதால், போவதற்கு முன் ரெய்னியர் மலைத் தேசியப் பூங்காவின் இணையதளத்தில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, பாதைகளின் நிலவரம். எந்தப் பாதையில் எவ்வளவு பனி மிச்சம் என்று அதில் இருக்கும். இன்னொன்று, பாரடைஸில் வைத்திருக்கும் நேரலைக் கேமரா. சியாட்டிலில் மேகமூட்டமாக இருக்கும்போது அங்கே வெயில் அடிப்பதும், இங்கே வெயில் அடிக்கும்போது அங்கே மூடிக்கிடப்பதும் சகஜம். காலையில் அந்தக் கேமராவைப் பார்த்துவிட்டுக் கார் சாவியை எடுப்பது நல்ல பழக்கம்.

இன்னொரு விஷயம். பனி கீழிருந்து மேலாகக் கரைகிறது. கொஞ்சம் தாமதமாகப் போய், கீழே பூ முடியும் கட்டத்தில் இருந்தால் கவலைப்படாதீர்கள், மேலே ஏறினால் கீழே சென்ற வாரம் பூத்தது அங்கே இப்போது பூத்திருக்கும்.

வார நாளில் லீவு போட முடிந்தால் போட்டுவிடுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும்.

யார் வருகிறார்கள், எந்தப் பாதை

குழுவில் யாருக்கு நடை கஷ்டமோ அவரை வைத்துத்தான் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். வேகமாக நடக்கிற நண்பர் திட்டம் போடுவார், மற்றவர்கள் மூச்சிரைக்கப் பின்னால் ஓடுவார்கள். பாரடைஸில் அந்தத் தொல்லை வேண்டியதே இல்லை. பெரும்பாலான பாதைகள் பக்கத்துப் பக்கத்திலேயே தொடங்கி ஒன்றோடொன்று இணைகின்றன, யாரும் பாதியில் திரும்பிவிடலாம்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் மர்ட்டில் அருவி போதும். போக ஏறக்குறைய அரை மைல், தார் போட்ட பாதை. கடைசிச் சில படிகளைத் தவிர சிரமமில்லை. அருவிக்கு மேலே மலை நேராகத் தெரியும், வழி நெடுகப் பூ. நிஸ்குவாலி விஸ்டா என்ற சுற்றுப் பாதை 1.2 மைல். பூவோடு பனியாற்றையும் பார்க்கலாம்.

நன்றாக நடப்பவர்களுக்கு ஸ்கைலைன் சுற்று. மொத்தம் 5.5 மைல், ஏற்றம் 1,700 அடி. படம் எடுத்து, சாப்பிட்டு, நின்று நின்று போனால் ஐந்து மணி நேரம் ஆகும். இதைக் கடிகார முள் சுற்றும் திசையில் போங்கள். காலை வேளையில், கால் புதிதாக இருக்கும்போதே செங்குத்தான ஏற்றம் முடிந்துவிடும். பனோரமா பாயிண்ட் என்ற காட்சிமேட்டைத் தாண்டியதும் கோல்டன் கேட் என்ற குறுக்குப்பாதை பிரியும். களைத்துவிட்டால் அதில் இறங்கிவிடலாம், ஒரு மைலுக்கு மேல் நடை குறையும். களைக்காவிட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன். அந்தப் பாதை வளைந்து வளைந்து இறங்கும் ஈடித் பள்ளத்தாக்குச் சரிவுதான் இந்தச் சுற்றிலேயே பூ அடர்ந்த இடம்.

குழு இரண்டாகப் பிரிந்தால், திரும்ப எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பது என்று கார் அருகிலேயே பேசி முடித்துவிடுங்கள். மேலே போன பிறகு போனில் பேசிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பூங்காவின் பெரும்பகுதியில் சிக்னல் கிடையாது.

பையில் என்ன

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். பாதையில் குடிநீர்க் குழாய் எதுவும் இல்லை. ஓடை நீர் கண்ணாடி மாதிரி தெரிந்தாலும் வடிகட்டாமல் குடிக்கக் கூடாது.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்பு சூட்டை இழுத்துக்கொள்ளும். சீக்கிரம் காயும் துணியில் ஒரு பேண்ட், மேலே ஒரு சட்டை, பையில் ஒரு ஸ்வெட்டர், ஒரு மழைக்கோட்டு. ஆகஸ்டில் கார் நிறுத்துமிடத்தில் வியர்க்கும், பனோரமா பாயிண்டில் காற்றடித்தால் பல் கிடுகிடுக்கும். காலணியின் அடிப்பகுதி தேய்ந்திருக்கக் கூடாது, ஏனென்றால் மேல்பகுதியில் ஆகஸ்டிலும் பனித்திட்டுகள் இருக்கும். வெயில் பனியில் பட்டுத் திரும்பும் என்பதால் தொப்பியோடு கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். மூக்கின் அடியிலும் காதுக்குப் பின்னாலும் தடவுங்கள். கொசு மருந்தை மறந்தால் பூவைப் பார்க்கவே விடாது.

வரைபடத்தைப் போனில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். அதோடு சின்ன டார்ச், பிளாஸ்திரி, தேவைக்கு மேல் ஒரு வேளைச் சாப்பாடு.

சாப்பாட்டுக்கு நம் புளியோதரைக்கு மிஞ்சியது இல்லை. கெடாது, உப்பும் புளியும் வியர்த்த உடம்புக்கு இதமாக இருக்கும், ஆறினாலும் ருசிக்கும். சின்ன டப்பாக்களில் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து, ஸ்பூனையும் வைத்துவிட்டால் மலையில் பரிமாறும் வேலை இல்லை. கடலை மிட்டாய் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் சோர்ந்து உட்காரும் பிள்ளையை எழுப்ப அது உதவும்.

கிளம்பும் நேரம்

சியாட்டிலில் இருந்து சாதாரணமாக இரண்டரை மணி நேரப் பயணம். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்கு அங்கே இருக்கலாம். வெயில் அடிக்கும் வார இறுதியில் பத்து மணிக்கெல்லாம் கார் நிறுத்த இடம் இருக்காது. பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் இல்லை, வழியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆஷ்ஃபர்ட் ஊரைத் தாண்டியதும் வருவது நிஸ்குவாலி வாயில். நுழைவுக் கட்டணத்துக்குக் கார்டு மட்டும்தான், ரொக்கம் வாங்க மாட்டார்கள். முன்பதிவு விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அதையும் இணையதளத்தில் முன்னாடியே பார்த்துவிடுங்கள். வாயிலிலிருந்து பாரடைஸ் இன்னும் 18 மைல், வளைவுகள் நிறைந்த மலைச்சாலை. பின் சீட்டில் குமட்டல் வருகிறவர் இருந்தால் முன்னால் உட்கார வையுங்கள்.

நாயைக் கூட்டிவராதீர்கள். இங்கே எந்த நடைபாதையிலும் நாய்க்கு அனுமதி இல்லை. டிரோனுக்கும் அப்படியே.

ஏறும்போது

நடை தொடங்கும் கல் படிகளில் இயற்கை எழுத்தாளர் ஜான் மியூரின் வாசகம் ஒன்று செதுக்கியிருக்கிறது. 1888இல் இந்த மலையில் ஏறியவர் அவர். அங்கே எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் மெதுவாகத் தொடங்குங்கள்.

முதல் மைல் தார்ப்பாதை. அதை நம்பி வேகமாக ஏறுகிறவர்கள்தான் சீக்கிரம் களைக்கிறார்கள், ஏனென்றால் நல்ல செங்குத்து அதுதான். பேச்சுத் துணையோடு, ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் பேச முடிகிற வேகம் சரியான வேகம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறையுங்கள். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், பழகியவர் கடைசியில் வரட்டும். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் கடைசி ஆள் வரும்வரை நின்றுவிட்டு, பிறகு எல்லோரும் சேர்ந்து நகருங்கள். எதிரே ஏறி வருகிறவர்களுக்கு இறங்குகிறவர் வழிவிடுவது வழக்கம். வழிவிடும்போது பாறை மேல் ஏறி நிற்க வேண்டும், செடி மேல் ஒதுங்கக் கூடாது.

பனித்திட்டு வந்தால் முன்னே போனவர்களின் காலடித்தடத்திலேயே, குதிகாலை அழுத்தி நடங்கள். ஓடை மேல் மூடியிருக்கும் பனிமேல் கால் வைக்காதீர்கள். அடியில் நீர் குடைந்து வெற்றிடமாக இருக்கும், மேலே நின்று பார்த்தால் தெரியாது.

பனோரமா பாயிண்ட் 6,800 அடி. கழிப்பறை இருக்கிறது, சாப்பாட்டுக்கும் சரியான இடம். தெளிவான நாளில் தெற்கே ஆடம்ஸ், செயின்ட் ஹெலன்ஸ், இன்னும் தள்ளி ஹூட் மலையும் தெரியும். மர்மோட் என்ற கொழுத்த அணில் வகைப் பிராணி பாறை மேல் நின்று விசில் அடிக்கும். நரியும் வரும். எதற்கும் ஒரு பருக்கைகூடப் போடாதீர்கள். மனிதன் கையில் தின்று பழகிய நரி கார்களுக்கு நடுவே சுற்றத் தொடங்கி, சக்கரத்தில் அடிபட்டுச் சாகிறது.

அந்த உயரத்தில் மேகம் வந்து மூடி, அடுத்த பாதைக்குறி தெரியாமல் போனால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். இங்கே வழி தவறுகிறவர்கள் பெரும்பாலும் மூடுபனியில்தான் தவறுகிறார்கள்.

பூவைப் பார்ப்பது

தூரத்திலிருந்து நீலமும் சிவப்பும் வெள்ளையுமாகத் தெரியும் சரிவை எல்லோரும் படம் எடுப்பார்கள். உங்கள் குழுவை ஒரு இடத்தில் நிறுத்தி, பாதையோரமாகக் குந்தவைத்து, கைநீளத்தில் இருப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீலமெல்லாம் பெரும்பாலும் லூப்பின். நம் அவரைக் குடும்பம்தான், பூவை உற்றுப் பார்த்தால் அவரைப் பூவின் அதே அமைப்பு. இலையில் ஒரே புள்ளியிலிருந்து ஏழெட்டுச் சிற்றிலைகள் வட்டமாக விரியும். காலைப் பனி அந்த நடுப்புள்ளியில் ஒரே துளியாகத் திரண்டு நிற்கும். இலையின் மெல்லிய ரோமம் அதைப் பரவவிடாமல் தாங்கிப் பிடித்திருக்கும். வெயில் ஏறிய பிறகு அது இருக்காது, சீக்கிரம் வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருஞ்சிவப்பாக இருப்பது பெயிண்ட்பிரஷ். அதில் சிவப்பாகத் தெரிவது இதழ் இல்லை. நம் வீட்டுக் காகிதப்பூ போலவே பூவடிச் செதில்கள்தான் நிறம் காட்டுகின்றன, உண்மையான பூ உள்ளே ஒல்லியான பச்சைக் குழாயாக ஒளிந்திருக்கும். இது அரை ஒட்டுண்ணி. பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைப் பதித்து அதன் சாற்றையும் எடுத்துக்கொள்ளும்.

பனி விலகிய ஓரத்தில் தலைகுனிந்து நிற்கும் வெள்ளைப் பூ அவலாஞ்ச் லில்லி. பனித்திட்டு இருக்கும் இடத்திலெல்லாம் அதன் விளிம்பில் தேடுங்கள், மெல்லிய பனியைத் துளைத்துக்கொண்டே வெளியே வரும். பாஸ்க் பூவை மலராகப் பார்க்க முடியாமல் போகலாம், அதன் விதைத்தலையைப் பார்க்கலாம்: ஒற்றைத் தண்டின் உச்சியில் சாம்பல் நிற ரோமக் கொத்து, காற்றில் ஒரே பக்கமாகச் சாயும். ஓடையோரத்து இளஞ்சிவப்பு, லூயிஸ் மங்கிஃபிளவர். ஆகஸ்ட் பாதிக்கு மேல் ஊதா ஆஸ்டர்கள் கூடும்.

பாதையை விட்டு இறங்காமல்

இதை ஒரு விதியாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இந்தச் செடிகளுக்கு ஆண்டில் இரண்டு மூன்று மாதம்தான் வாழ்க்கை. அதற்குள் முளைத்து, பூத்து, விதைத்து முடிக்க வேண்டும். ஒரு செல்ஃபிக்காக நாலு பேர் மிதித்த இடம் அந்தப் பருவத்தில் எழாது. மண் இறுகிவிட்டால் அடுத்த மழையில் அரித்துக்கொண்டு போய்விடும், அடுத்து வருகிறவர் அதைப் பாதை என்று நினைத்து நடப்பார். ஒரு காலத்தில் இந்தப் பூவெளி மேலேயே கூடாரம் அடித்தார்கள், 1931இல் கோல்ஃப் மைதானம்கூடப் போட்டார்கள். அப்போது பட்ட காயங்களைப் பூங்காக்காரர்கள் பசுங்கூடத்தில் வளர்த்த நாற்றுகளைக் கையால் நட்டு இன்றும் ஆற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளிடம் காரிலேயே சொல்லிவிடுங்கள்: கால் வைக்க மூன்று இடம், பாதை, பாறை, பனி. பூப்பறிப்பது சட்டப்படியே குற்றம். பாட்டி ஆசைப்பட்டாலும் தலையில் வைக்க ஒன்றுகூட முடியாது.

இறங்குதல்

ஒரு மணிக்குள் பனோரமா பாயிண்டை விட்டு நகர்ந்துவிடுங்கள். இறக்கத்தில் முழங்காலுக்குத்தான் வேலை. அடியைச் சின்னதாக வையுங்கள், ஊன்றுகோல் இருந்தால் கொஞ்சம் நீளமாக்கிக்கொள்ளுங்கள். தெம்பு இருந்து முழுச் சுற்றும் போகிறவர்கள் வழியில் ஒரு கல் இருக்கையைப் பார்ப்பார்கள். 1870இல் ஹஸார்ட் ஸ்டீவன்ஸ், பிலமன் வான் ட்ரம்ப் இருவரும் உச்சியை அடைந்ததுதான் இந்த மலையின் பதிவான முதல் ஏற்றம், அவர்கள் நினைவாக வைத்தது அந்த இருக்கை. அவர்களுக்கு வழிகாட்டி வந்த ஸ்லூயிஸ்கின் என்ற பழங்குடி மனிதரின் பெயர் பக்கத்து அருவிக்கு இருக்கிறது.

மர்ட்டில் அருவியில் நிற்பவர்களைச் சேர்த்துக்கொண்டு கீழே வாருங்கள். பார்வையாளர் மையத்தில் தண்ணீர், கழிப்பறை, சூடாகச் சாப்பாடு எல்லாம் உண்டு. ஓட்டுகிறவர் அரைமணி நேரமாவது உட்கார்ந்து காலை நீட்டிய பிறகு காரை எடுக்கட்டும். மாலையில் காட்டுச்சாலையில் மான்கள் குறுக்கே வரும், நிஸ்குவாலி வாயிலைத் தாண்டும்வரை வேகம் வேண்டாம்.